கொடுக்காமல் இருந்த ஆறு மாதம்

வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மார்ச் மாதம் ஒரு தனிப் பருவம். மாவட்டத்திலிருந்து ஜீப் வரும். தொலைபேசி ஓயாது. ஏப்ரலிலிருந்து தூங்கிக் கிடந்த கோப்புகளெல்லாம் ஒரே வாரத்தில் எழுந்து நடக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டத்தில் நான் கிராம சேவிகாவாக வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்டது இந்த மார்ச் மாதத்தைத்தான். (அன்றைய தருமபுரி பெரியது. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன, 2004இல்தான் பிரிந்தன.) புகையில்லா அடுப்பு இத்தனை, சாண எரிவாயுக் கலன் இத்தனை, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு இத்தனை பேர், சிறுசேமிப்புக்கு இவ்வளவு ரூபாய் என்று ஆளுக்கொரு இலக்கு. கடைசி இரண்டும் எங்கள் துறையின் வேலையே அல்ல. ஆனால் ஊருக்குள் போய் வருகிற அரசு ஊழியர் என்று ஒருவர் இருந்துவிட்டால் எல்லாத் துறைக்கும் அவர்தான் ஆள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இலக்கு கடன். இத்தனை குடும்பங்களுக்கு இவ்வளவு கடன், அதற்கு இவ்வளவு மானியம், மார்ச் 31க்குள். ஓய்வு பெறும்வரை, பதவியின் பெயரும் திட்டத்தின் பெயரும் மாறிக்கொண்டே இருந்தாலும், நான் செய்தது ஏழைகளுக்குக் கடன் கிடைக்கச் செய்கிற வேலைதான். அதில் உருப்படியாக நடந்தது எது என்று என்னைக் கேட்டால், பணம் கொடுக்காமல் காத்திருந்த காலம் என்றுதான் சொல்வேன். துறையில் என்னோடு இருந்தவர்கள் பலருக்கு இது பிடிக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘பிளாக் ஆபீஸ்’ என்பது கடன் கொடுப்பதற்காகப் பிறந்த அலுவலகம் இல்லை. 1952 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், நாட்டில் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. எஸ்.கே. டே அதன் மூளை. பின்னாளில் மத்திய அமைச்சராகவும் ஆனார். சுமார் நூறு ஊர்கள் ஒரு வட்டாரம். அதில் பத்து ஊருக்கு ஒரு கிராம சேவக். விதை, உரம், கிணறு, கோழி, சுகாதாரம், முதியோர் கல்வி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஆள். மக்களிடம் பேசினால் மக்களே எழுந்து செய்துகொள்வார்கள் என்று நம்பினார்கள். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் நிலம் உள்ளவன்தான் எழுந்து செய்துகொண்டான், இல்லாதவன் பார்த்துக்கொண்டிருந்தான். எழுபதுகளில் இது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்குப் பரிகாரமாக வந்ததுதான் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம். அலுவலகத்தில் எங்களுக்கு அது ‘ஐ.ஆர்.டி.பி.’ 1978இல் சில வட்டாரங்களில் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் குடும்பத்துக்கு வங்கிக் கடன் வாங்கித் தந்து, ஒரு சொத்தைக் கையில் கொடுத்துவிட்டால், அதிலிருந்து வரும் வருமானம் கடனையும் அடைக்கும், குடும்பத்தையும் கோட்டுக்கு மேலே தூக்கும் என்பது கணக்கு. சிறு விவசாயிக்கு நான்கில் ஒரு பங்கு மானியம், குறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்குப் பாதி.

சொத்து என்றால் பெரும்பாலும் கறவை மாடு.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் கொள்முதல் குழுவில் வங்கிக்காரர் ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், ஒன்றியத்திலிருந்து ஒருவர், நான்காவதாகக் கடன் வாங்கப்போகிற பெண்மணி. நால்வரும் மாட்டுக்கு முன்னால் நிற்போம். விலை பேசுவது எங்களில் யாரும் இல்லை, தரகர். அவரும் மாட்டுக்காரரும் ஒரு துண்டுக்குள் கையை நுழைத்து, விரலைப் பிடித்தும் விட்டும் விலை பேசுவார்கள். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. துண்டு விலகியதும் தரகர் வாய்விட்டு ஒரு தொகையைச் சொல்வார். துண்டுக்குள் முடிந்த விலை வேறு, சொன்ன விலை வேறு என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கடன் மனுவில் சொன்ன விலைதான் ஏறும். மானியத்தின் ஒரு பகுதி எங்கே கரைந்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சந்தையில் அந்தத் துண்டைப் பார்த்திருந்தால் போதும். 

வாங்கியதும் மாட்டின் காதில் வில்லை அடிப்பார்கள். காப்பீட்டுக்கு அதுதான் அடையாளம். வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை. மாடு செத்தால் காதை வில்லையோடு அறுத்துக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இப்படி ஒரு விதி இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? மாடு தொழுவத்தில் நின்று தீவனம் தின்றுகொண்டிருக்கும், காது மட்டும் அலுவலகத்துக்கு வந்து சேரும். வேறொரு வித்தையும் உண்டு. ஒரே மாடு மூன்று வீட்டுக்குச் சொத்தாகிவிடும். ஆய்வுக்கு வருகிறவர் தெருவின் இந்தக் கோடியில் பார்த்துக் கையெழுத்திட்டு அந்தக் கோடிக்குப் போவதற்குள் மாடு கொல்லைப்புற வழியாக அங்கே போய் நிற்கும். இதையெல்லாம் சொல்லி ஏழைகளை ஏமாற்றுக்காரர்கள் என்று பேசுகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: மாடு வேண்டும் என்று அவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. மழை இல்லாத ஆண்டில், புல் முளைக்காத ஊரில், கலப்பின மாட்டைக் கட்டித் தீனி போடுவது எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு மாடு பால் வற்றினால் கடனைக் கட்ட வழியில்லாமல் போகும் என்பதற்காக இரண்டாவது மாடும் தர வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. நான் பார்த்த வீடுகளில் பலவற்றுக்கு அந்த இரண்டாவது மாடு வரவே இல்லை. அடுத்த ஆண்டின் இலக்கு வேறு குடும்பங்களுக்குப் போயிருக்கும்.

பிறகு 1990 வந்தது. விவசாயிகள், கைவினைஞர்கள் வாங்கிய கடனில் 10,000 ரூபாய் வரை தள்ளுபடி. 1989 அக்டோபர் 2ஆம் தேதி வரை கட்டாமல் பாக்கி வைத்திருந்தால்தான் அது செல்லும். எங்கள் ஒன்றியத்தில் ஓர் அம்மாள், மாடு செத்தபின்னும் கூலி வேலைக்குப் போய் மிச்சத் தவணையைக் கட்டி முடித்திருந்தார். தள்ளுபடிச் செய்தி வந்த வாரம் என்னைத் தெருவில் நிறுத்தி, “சேவிகாம்மா, எனக்கு எவ்வளவு தள்ளுபடி?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். “அப்படியானால் கட்டியது என் குற்றமா?” என்றார். கோபப்படாமல், உண்மையிலேயே விவரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டார். அரசாணையில் அதற்குப் பதில் இல்லை. அந்தத் தெருவில் அதற்கப்புறம் யாரும் தவணையை ஒழுங்காகக் கட்டியதாக எனக்கு நினைவில்லை. பக்கத்து வங்கிக் கிளை எங்கள் மனுக்களை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

கிராமத்துக்குக் கடன் எப்படிக் கொடுப்பது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பிரெடரிக் நிக்கல்சன், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி. கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவர். விவசாயிகளுக்கென்று வங்கிகள் நிறுவ முடியுமா என்று ஆராய 1892இல் அரசு அவரைப் பணித்தது. 1895இலும் 1897இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். மாகாணத்தின் கிராமக் கடன் 45 கோடி ரூபாய் இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. அன்றைய 45 கோடி. அரசு வங்கி திறந்து பணத்தை இறக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஜெர்மனியில் ரைன் நதிக்கரை மலைக் கிராமங்களில் ஊர்த் தலைவராக இருந்த ரைஃபைசன் என்பவர் கட்டிய கடன் சங்கங்களை எடுத்துக்காட்டினார். ஒரு சங்கத்துக்கு ஒரு சிற்றூர்தான் எல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற எல்லோருடைய சொத்தும் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. நிக்கல்சனின் அவ்வளவு பெரிய அறிக்கையின் சாரம் இரண்டே சொல் என்பார்கள்: ‘ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள்.’ ரைஃபைசன் 1888லேயே இறந்துவிட்டார். நம் ஊரில் அப்படிப்பட்ட ஆளைத் தேடுங்கள் என்பது பொருள். (நிக்கல்சன் ஓய்வுக்குப் பிறகு மீன்வளத்தில் இறங்கி, சென்னை மாகாணத்தில் அந்தத் துறைக்கே அடிப்படை போட்டார். ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு நடைப்பயிற்சி போகும் என் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தல்.)

அரசு ஆளைத் தேடவில்லை, சட்டம் போட்டது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் பக்கத்தில் திரூரில் ஒரு விவசாயக் கடன் சங்கம் பதிவாயிற்று. நாட்டின் முதல் சங்கங்களில் அது ஒன்று. பிறகு பதிவாளர், துணைப் பதிவாளர், சார்பதிவாளர், தணிக்கை, தேர்தல் என்று வளர்ந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 1951-52இல், ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடனை அளந்து பார்த்தது. விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3.1 சதவீதம். அரசின் பங்கு 3.3. வணிக வங்கிகள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஏறத்தாழ 70 சதவீதம் வட்டிக்காரர்களிடம். அந்த ஆய்வை நடத்திய, கோர்வாலா தலைமையிலான குழு 1954இல் எழுதிய வரி புகழ்பெற்றது: கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் கூட்டுறவு வெற்றி பெற்றே ஆக வேண்டும். வெற்றி பெறச் செய்ய அவர்கள் கண்ட வழி, சங்கங்களில் அரசே பங்குதாரராகச் சேர்வது. பழைய கதைதான், ஆள் கிடைக்கவில்லை என்றால் பணத்தைக் கூட்டு.

பெண்களைச் சிறு சேமிப்புக் குழுக்களாகச் சேர்க்கும் மகளிர் திட்டம் தருமபுரியில் 1989இல் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது ரோமில் இருக்கும் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம். நடத்தியது தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். வங்கிப் பொறுப்பு இந்தியன் வங்கிக்கு. ஊரில் குழு அமைக்கத் தொண்டு நிறுவனங்கள். பக்கத்திலேயே கர்நாடகத்தில் மைராடா என்ற தொண்டு அமைப்பு எண்பதுகளின் நடுவில் இப்படிச் சிறு குழுக்களைக் கட்டிப் பார்த்திருந்தது. அங்கே பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சிதைந்தபோது, ஒருவரையொருவர் நம்பியவர்கள் மட்டும் சின்னச் சின்னக் கும்பலாகப் பிரிந்து நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் இந்த யோசனையே பிறந்தது. என்னைத் திட்டத்துக்கு மாற்றியபோது அலுவலகத்தில் அனுதாபம் தெரிவித்தார்கள். அங்கே வண்டியும் இல்லை, மானியமும் இல்லை, கையெழுத்துக்கு மதிப்பும் இல்லை.

விதி எளிது. ஒரே தெருவில் இருக்கும் பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள். வாரத்துக்குப் பத்து ரூபாய் சேமிப்பு. சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்ள வேண்டும். வட்டியை அவர்களே முடிவு செய்வார்கள். பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு வட்டி. எங்கள் பகுதியில் வட்டிக்காரர் வாங்கியது ஐந்தும் பத்தும். ஆறு மாதம் இப்படி ஓட்டிக் காட்டிய பிறகுதான் வங்கியின் பேச்சையே எடுக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் அரசு ஒரு பைசா கொடுக்காது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஊருக்குள் அரசு ஊழியர் போய் நின்றால் “என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றும் இல்லை, நீங்கள்தான் பணம் போட வேண்டும் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்கள்! ஒரு ஊரில் பெரியவர் ஒருவர், சீட்டுக் கம்பெனிக்காரர்கள்கூட முதலில் ஒரு டம்ளராவது கொடுப்பார்கள் என்றார்.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு குழு. பதினாறு பேர். கூட்டம் இரவு எட்டு மணிக்கு, மாரியம்மன் கோவில் முன்னால், தெருவிளக்கின் கீழே. பகலில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வேறு நேரம் ஏது? நான்கு வாரம் முடிந்த அன்று பெட்டியில் 640 ரூபாய். அன்றைக்குத்தான் முதல் கடன். மூன்று பேர் கேட்டார்கள். ஒருவருக்கு நிலக்கடலை விதை வாங்க 400. ஒருவருக்கு அடகில் இருக்கும் பித்தளை அண்டாவை மீட்க 250. இன்னொருவருக்கு அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மொய் வைக்க 300.

வங்கியிலிருந்து பார்வைக்கு வந்திருந்த இளைஞர் உடனே விதைக்கடனைக் காட்டினார். அது உற்பத்திக் கடன், வருமானம் வரும், மொய் வீண்செலவு. அவர் படித்த பாடத்தில் அப்படித்தான் இருந்திருக்கும், என் படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. பெண்கள் அவரை மரியாதையோடு கேட்டுவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அண்டாவுக்கு இந்த மாதம் கெடு. தாண்டினால் மூழ்கிவிடும், 250 ரூபாய்க்கு மூன்று மடங்கு மதிப்புள்ள பாத்திரம் போய்விடும். மொய் ஞாயிற்றுக்கிழமை. குழு கொடுக்காவிட்டால் அவள் பத்து வட்டிக்கு வாங்கியாவது வைப்பாள், ஏனென்றால் அவள் மகளுக்கு அண்ணன் வைத்த மொய் நோட்டில் எழுதியிருக்கிறது. அதுவும் ஒரு கடன்தான், திருப்பித்தான் ஆக வேண்டும். விதையோ, மழை விழுந்த பிறகுதான் வேண்டும். இன்னும் ஆனியே பிறக்கவில்லை. அதற்குள் நான்கு வாரச் சேமிப்பு சேர்ந்துவிடும். ஆக, அண்டாவுக்கு 250, மொய்க்கு 300. மீதி 90 பெட்டியில் இருக்கட்டும், யார் வீட்டிலாவது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இரவில் யாரிடம் போய் நிற்பது?

விதை கேட்டவர் முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார். தீர்மான நோட்டில் அதை எழுதியது எட்டாவது படித்த மருமகள் ஒருத்தி. எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார்கள். அதில் ‘வழங்கப்பட்டது’ என்று இருந்ததை ஒரு மூதாட்டி நிறுத்தி, “யார் வழங்கியது என்று போடு, நாம்தானே கொடுத்தோம்” என்று திருத்தினார்.

வங்கி மேலாளரோ, வட்டார வளர்ச்சி அலுவலரோ, நானோ அந்த முடிவை எடுத்திருக்க முடியாது. அண்டாவின் கெடு தேதி எங்களுக்குத் தெரியாது. பதினாறு பேரில் யார் சொன்ன நாளில் திருப்புவார், யாருக்கு நினைவூட்ட வேண்டும், யாருக்குக் கொடுத்தால் கணவன் கைக்குப் போகும் என்பதும் தெரியாது. கிராமக் கடனில் இந்த விவரம்தான் மூலதனம். சர்க்கார் பணம் முதல் நாளே வந்து இறங்கினால் இந்த விவரத்துக்கு வேலை இல்லாமல் போகும். யார் யாருக்குச் சமமாகப் பங்கு என்பது மட்டும்தான் பேச்சாக இருக்கும். பத்துப் பத்து ரூபாயாகத் தான் போட்ட பணம் பக்கத்து வீட்டுக்குப் போகிறபோதுதான் ஒருத்தி மற்றவளைப் பார்த்து, “எப்போது திருப்புவாய்?” என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குத்தான் ஆறு மாதம்.

வங்கிப் படி ஏறியது வேறு கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்யாத குழுவுக்குக் கணக்குத் திறக்கலாமா என்பதே முதலில் கேள்வியாக இருந்தது. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992இல் நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கிய பிறகு, ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் பேச முடிந்தது. சேமிப்புக்குச் சமமாகத் தொடங்கி நான்கு மடங்கு வரை கடன், ஈடு எதுவும் இல்லாமல். இருந்தாலும் ஒரு கிளையில், குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் வரிசையாக நின்றபோது, “வீட்டுக்காரர் வரவில்லையா?” என்று கேட்டார்கள். “அவருக்கும் கணக்கு வேண்டுமானால் அவரே வருவார்” என்றார் ஊக்குநர். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு படிவம் கொடுத்தார்கள்.

பென்னாகரம் குழுவுக்கு முதல் வங்கிக் கடன் வந்தபோது அதைப் புளியில் போட்டார்கள். மாசி, பங்குனியில் புளி இறங்கும். அப்போது விலை தாழ்வு. வியாபாரி முன்பணம் கொடுத்து மரத்தைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருப்பார். அந்தப் பெண்களே அவரிடம் கூலிக்கு உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று. அந்த வருடம் தங்கள் பணத்தில் புளி வாங்கி, தாங்களே தட்டி, விலை ஏறுகிற ஆடி வரை வைத்திருந்து விற்றார்கள். எந்தத் திட்ட அறிக்கையும் அவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆண்டாண்டாக வியாபாரி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே!

இந்த வெற்றிதான் வினையாயிற்று. தருமபுரியிலிருந்து சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவி, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் ஆனது. 1999 ஏப்ரலில் மத்திய அரசு ஐ.ஆர்.டி.பி.யை மூடிவிட்டுப் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இனி எல்லாம் குழு வழியாகத்தான். நல்ல முடிவு என்று மகிழ்ந்தோம். ஆனால் கூடவே மானியமும் வந்தது. குழுவின் தொழிலுக்குச் செலவில் பாதி, 1.25 லட்சம் ரூபாய் வரை. மானியம் வந்தால் இலக்கு வரும். இலக்கு வந்தால் மார்ச் வரும்.

அப்போது நான் உதவித் திட்ட அலுவலர். குழுக்களைத் தர மதிப்பீடு செய்கிற வேலை. ஆறு மாதத் தீர்மான நோட்டைக் கொடுப்பார்கள். உண்மையான நோட்டு எப்படி இருக்கும் என்றால், ஓரம் மடங்கி, எண்ணெய்க் கை பட்டு, ஒரு வாரம் நீல மை, ஒரு வாரம் கறுப்பு, இடையில் பென்சில். ஒரு வாரக் கூட்டம் நடக்கவில்லை, ஊரில் சாவு என்று எழுதியிருக்கும். இப்போது வந்த நோட்டுகளில் சிலவற்றில் இருபத்து நான்கு வாரமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒருவரும் ஒரு வாரமும் தாமதமில்லை, ஊரில் ஒரு சாவுகூட இல்லை! நான் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், “உங்கள் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது? உங்கள் குழுவில் இப்போது யார் யார் கடன் வாங்கியிருக்கிறார்கள்?” என்று கேட்பேன். ஊக்குநர் பதில் சொல்ல எழுந்தால் உட்காரச் சொல்வேன். பின் வரிசைக்குக் கணக்குத் தெரிந்தால் அது குழு. இந்தச் சோதனைக்குப் படிவத்தில் இடமில்லை. அதனால் ‘காத்திருக்கலாம்’ என்று எழுதினேன். அப்படி எழுதிய பட்டியல் மேலே போனால் வேகமாகத் திரும்பி வரும். ஆய்வுக் கூட்டத்தில், “உங்கள் வட்டாரம் மட்டும் ஏன் பின்தங்கியிருக்கிறது?” என்று எழுப்பி நிறுத்துவார்கள். நின்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் கேட்கப்பட்ட கணக்கெல்லாம் எவ்வளவு கொடுத்தாய் என்பதுதான். கொடுத்தது எவ்வளவு திரும்பியது என்பதற்கு வேறு அலுவலகம், வேறு பதிவேடு.

பிறகு தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. நாங்கள் பத்து ஆண்டு உழைத்துக் கட்டிய குழுக்கள் அவர்களுக்கு ஆயத்த அடுப்பாகக் கிடைத்தன. வந்து உலை வைத்தார்கள். சேமிப்பு கிடையாது, உள்கடன் கிடையாது, ஆறு மாதம் கிடையாது. அடையாள அட்டை, புகைப்படம், பத்துப் பேர் கையெழுத்து, ஒரு வாரத்தில் பணம். வாரத் தவணை அன்று ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகக் கூடாது. ஒரே பெண் நான்கு இடத்தில் வாங்கி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைப்பதைப் பார்த்தேன். ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பது இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. அங்கே முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் பொறுப்பு மட்டும் இருந்தது. 2010இல் ஆந்திரத்தில் இது வெடித்து, அந்த அரசு அவசரச் சட்டம் போட்டது. தமிழ்நாடு 2025இல் கடன் வசூலில் மிரட்டலையும் துன்புறுத்தலையும் தடுக்கச் சட்டம் இயற்றியிருக்கிறது. தேவையான சட்டம்தான்.

தள்ளுபடி பற்றி என்னிடம் கேட்பார்கள். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனுக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள். 2,700 கோடி ரூபாய்க்கு மேல். தொற்றுக் காலத்தில் கூலியே இல்லாத குடும்பங்களை நான் பார்த்தேன். அவர்களுக்குத் தேவையாக இருந்தது, மறுக்கமாட்டேன். பெரிய கம்பெனிகளின் கடனை வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கும்போது வாய் திறக்காதவர்கள் இதற்கு மட்டும் ஒழுக்கம் பேசுவதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் 1990இல் என்னைத் தெருவில் நிறுத்திய அம்மாளின் கேள்வி அப்படியே இருக்கிறது. கட்டியவருக்கும் ஏதாவது செய்கிற ஒரு தள்ளுபடியை நான் இங்கே பார்த்ததில்லை. வட்டி மானியம் அந்தத் திசையில் ஒரு சிறு அடி. தவறாமல் கட்டும் குழுவுக்கு வட்டி குறைகிறது. அதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

2023-24ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களுக்கான கடன் இலக்கு 30,000 கோடி ரூபாய். அந்த 640 ரூபாயைப் பெட்டியில் எண்ணிப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. அதில் எத்தனை குழுக்களில் பின் வரிசைக்குக் கணக்குத் தெரியும் என்று யாராவது எண்ணினால் நன்றாக இருக்கும்.

என்னோடு பணிசெய்து ஓய்வு பெற்ற வங்கி நண்பர் ஒருவர், அன்று விதைக்கடனைக் காட்டிய அதே இளைஞர், இப்போதும் என்னோடு சண்டை போடுவார். “பசியோடு இருப்பவரை ஆறு மாதம் காக்க வைப்பது வசதியானவர்களின் தத்துவம் மேடம்” என்பார். அந்த ஆறு மாதமும் அவர்கள் சும்மா காத்திருக்கவில்லை, அதே சில நூறு ரூபாயை எத்தனை கை மாற்றி எத்தனை அண்டாவை மீட்டார்கள் என்று பேரேட்டைப் பார்த்தால் தெரியும் என்று நான் சொல்வேன். சரி, காட்டுங்கள் என்றார். பென்னாகரத்துக்குப் போன் செய்து முதல் ஆண்டுப் பேரேட்டைக் கேட்டேன். எட்டாவது படித்த அந்த மருமகள் இப்போது மாமியாராகிவிட்டார். நோட்டு பத்திரமாகத்தான் இருக்கிறதாம். ஆனால் அதில் பதினாறு வீட்டு விவகாரமும் இருக்கிறது, வெளியாட்களுக்குக் காட்டலாமா என்று அடுத்த கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் போட்ட பிறகுதான் சொல்ல முடியும் என்றார். வங்கிக்காரர் வருவது எதற்கு என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.